அது தேரைக்குட்டி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்துவிட்டால் எல்லாப் பத்திரிகையிலும் ஒரு செய்தி தவறாமல் வருகிறது: "குடியிருப்பில் வினோதத் தவளை, பொதுமக்கள் அச்சம்." படம் போடுகிறீர்கள், தெருப் பெயர் போடுகிறீர்கள், யார் பிடித்தார் என்றுகூடப் போடுகிறீர்கள், அந்தத் தவளைக்கு என்ன பெயர் என்பதை மட்டும் போடுவதில்லை. ஒரு வரி போதும். அந்த ஒரு வரி தெரியாததால் எங்கள் வீட்டில் என்ன நடக்க இருந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், இடம் இல்லையென்றால் கடைசியில் உள்ள வேண்டுகோளை மட்டுமாவது போடுங்கள்.

நான் இருப்பது சேலம் கன்னங்குறிச்சியில். வேலை செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில். வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட்டுக்கும் குறைவாக மண் தரை இருக்கிறது. சுற்றி இருக்கிற வீடுகளில் எல்லாம் சிமென்ட் போட்டுவிட்டார்கள், நாங்கள் போடவில்லை, அம்மா வைத்த வாழையும் கனகாம்பரமும் இருப்பதால் அப்படியே விட்டுவிட்டோம். மொட்டை மாடியில் நின்றால் ஏற்காட்டு மலை எதிரிலேயே தெரியும், அங்கே கறுத்தால் இங்கே துணி எடுக்க ஓட வேண்டும். போன ஆவணி கடைசியில் அப்படித்தான் மூன்று ராத்திரி தொடர்ந்து கொட்டியது. நாலாம் நாள் காலையில் தண்ணீர் தேங்கிய தொட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தேன். கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கியதும் அடியில் ஈர மண்ணில் ஒரு சின்ன மண்கட்டி உருண்ட மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் அதற்குக் கண் இருந்தது.

என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "தேரைக்குட்டிங்க, கை வெச்சிடாதீங்க" என்றாள். அவள் சத்தம் கேட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார், இரண்டே நிமிடத்தில் கை நிறையக் கல் உப்போடு வந்து நின்றார். அவர் வீட்டில் ஒன்றரை வயதுப் பேத்தி இருக்கிறது. ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, இளைத்த மாதிரி தெரிகிறது, தேரை பட்டிருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் யாருக்கும் அந்தப் பயம் வரும். "அக்கா, கொஞ்சம் பொறுங்க, என்னன்னு பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று சொல்லி, ஒரு கொட்டாங்குச்சியை எடுத்து அதன் மேல் மெதுவாகக் கவிழ்த்து வைத்தேன். அவர் உப்பைக் கீழே போடாமல், முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

உப்பு போட்டால் என்ன ஆகும் என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. தவளை நம்மைப் போல வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோல் வழியாகத்தான் உறிஞ்சிக்கொள்கிறது, மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகவே நடக்கிறது, அதனால்தான் அந்தத் தோல் எப்போதும் ஈரமாக இருக்கிறது. அந்த ஈரத் தோலில் உப்பு விழுந்தால் உடம்புக்குள் இருக்கிற தண்ணீரை வெளியே இழுத்துவிடும், துடித்துத் துடித்துத்தான் சாகும். பிளீச்சிங் பவுடர், பினாயில், சோப்புத் தண்ணீர் எல்லாம் அதற்கு அப்படித்தான். கொசு விரட்டும் கிரீம் தடவிய கையால் தொடுவதுகூட அதற்குக் கெடுதல்.

சரி, கொட்டாங்குச்சிக்குள் இருந்ததைப் பற்றிச் சொல்கிறேன். பட்டறையில் நகை வேலைக்குக் கண்ணில் வைக்கிற லென்ஸ் ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். மண்ணில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுக் கொட்டாங்குச்சியை லேசாகத் தூக்கினேன். அது ஓடவில்லை, நாணயத்துக்குப் பக்கத்திலேயே பம்மிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த நாணயம் குறுக்கே ஏறக்குறைய 22 மில்லிமீட்டர், இது அதைவிட ஒரு நூல்கூட அதிகம் இருக்காது. மூக்குப் பக்கம் கூராக, பின்பக்கம் அகலமாக, மேலே இருந்து பார்த்தால் முக்கோணம் மாதிரி உடம்பு. வாய் அந்த உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குச் சின்னது. முதுகில்தான் விஷயமே இருந்தது. இளம் பழுப்பு நிறத்தின் மேல் கரும்பழுப்பில் ஒரு கோலம், இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஆரம்பித்துக் கழுத்துப் பக்கம் ஒடுங்கி, மறுபடி விரிந்து, பின்னங்கால் வரைக்கும் கிளை பிரிகிறது. இடப்பக்கம் எப்படி வளைகிறதோ அப்படியே வலப்பக்கமும். கொலுசில் ஒரு பூவை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொண்டுவர நாங்கள் எவ்வளவு பாடுபடுகிறோம் என்று தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன், அதை லென்ஸில் பார்த்தபோது எனக்குக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

என் தங்கை மகள் நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். படத்தை அனுப்பிவிட்டுப் போன் போட்டேன்.

"மாமா, தோல் வழுவழுன்னு இருக்கா, சொரசொரன்னு இருக்கா?"

"வழுவழுன்னுதான் கண்ணு."

"கண்ணுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் மொச்சை மாதிரி மேடு இருக்கா?"

"இல்லையே."

"விரல் நுனியில பொட்டு வெச்ச மாதிரி வட்டமா இருக்கா?"

லென்ஸை வைத்துப் பார்த்தேன். விரல்கள் நூல் மாதிரி மெலிதாக இருந்தன, நுனியில் ஒன்றும் இல்லை.

"அப்போ தேரைக்குட்டியும் கிடையாது, மரத்தவளையும் கிடையாது. எனக்கு இப்பவே தெரிஞ்சிடுச்சு மாமா, ஆனா நீங்க ராத்திரி அது கத்துறதைப் பதிவு பண்ணி அனுப்புங்க, கேட்டுட்டுச் சொல்றேன்."

அன்றைக்கு ராத்திரி லேசாகத் தூறியது. எட்டு மணி வாக்கில் வாழை மரத்தடியில் ஆரம்பித்தது. அரத்தை ஒரே பக்கமாக இழுத்து இழுத்துத் தேய்க்கிற மாதிரி, கர்ர்... கர்ர்... கர்ர் என்று. இத்தனை வருடமாக இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் தூங்கியிருக்கிறேன், சில்வண்டு என்றுதான் நினைத்திருக்கிறேன். டார்ச்சை நேராக அடிக்காமல் விரலால் மறைத்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது, தண்ணீர் தேங்கிய குழியின் ஓரத்தில், புல்லுக்குள், அதே கட்டைவிரல் நகம் அளவு தவளை, தொண்டையைப் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஊதிய பை கிட்டத்தட்ட அதன் உடம்பளவுக்கு இருந்தது. மனைவியையும் கூட்டிவந்து காட்டினேன். "இவ்வளவூண்டுல இருந்தா இவ்வளவு சத்தம் வருது" என்று அவள் ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள்.

பதிவைக் கேட்டதும் தங்கை மகள் உறுதியாகச் சொல்லிவிட்டாள். மைக்ரோஹைலா ஆர்னேட்டா. குறுவாய்த் தவளைக் குடும்பம். 1841-லேயே துமேரில், பிப்ரோன் என்ற இரண்டு பிரெஞ்சு அறிஞர்கள் அதை எழுதி வைத்துவிட்டார்கள். ஆர்னேட்டா என்றால் லத்தீனில் அலங்காரம் செய்யப்பட்டது என்று அர்த்தமாம், முதுகில் உள்ள கோலத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். முக்கியமான விஷயம், அது குட்டி இல்லை. முழுதாக வளர்ந்து, இணை தேடிக் கத்துகிற பெரிய தவளை. அதன் அளவே அவ்வளவுதான். சாப்பாடு எறும்பும் கரையானும்தான், அவ்வளவு சின்ன வாய்க்கு வேறு என்ன போகும்.

தேரைக்குட்டியிலிருந்து இதைப் பிரித்துப் பார்ப்பது எளிது என்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். நம் வீட்டு வாசலில் விளக்குக்கு அடியில் பூச்சி பிடிக்க வந்து உட்காருகிற சொறித்தவளைதான் நாம் சாதாரணமாகத் தேரை என்று சொல்வது. அதன் குட்டி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தோல் சொரசொரப்பாக இருக்கும், நிறமும் கறுப்படித்து இருக்கும். வளர்ந்ததும் தலையில் கறுப்பு வரம்பு கட்டின மாதிரி மேடும், கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பெரிய சுரப்பியும் நன்றாகத் தெரியும். அந்தச் சுரப்பியில் பால் மாதிரி ஒரு விஷம் இருப்பது உண்மை, நாய் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். ஆனால் அது தன்னைக் கடிக்க வருகிற பிராணிக்கான விஷம், நம் மேல் பீய்ச்சுவதற்கு இல்லை, தொட்டுவிட்டால் கையைக் கழுவினால் போதும். தேரையைத் தொட்டால் மரு வரும் என்பதும் தப்பு, மரு வருவது வைரஸால். குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பது மரத்தவளை, சுண்ணாம்புத் தவளை என்று சொல்வதும் உண்டு, விரல் நுனியில் வட்டத் தட்டு இருப்பதால்தான் வழுக்குகிற சுவரில் ஏறுகிறது, தண்ணீருக்கு மேலே நுரையால் கூடு கட்டி முட்டை வைப்பதும் அதுதான். கிணற்றில் மிதந்துகொண்டே இருந்து, ஆள் நடமாட்டம் கேட்டதும் தண்ணீர் மேலேயே தத்தித் தத்திப் போவது இன்னொன்று. மண்ணுக்குள் புதைந்து கிடக்கிற ஒரு வகையும் இருக்கிறது, பின்னங்கால் பாதத்தில் மண்வெட்டி மாதிரி கெட்டியான ஒரு மேடு இருக்கும், அதை வைத்துப் பின்பக்கமாகத் தோண்டிக்கொண்டே உள்ளே இறங்கிவிடும். நுணலும் தன் வாயால் கெடும் என்று நாம் சொல்கிறோமே, மணலுக்குள் கிடப்பதைக் குரலை வைத்துக் கண்டுபிடித்தவர்கள்தான் அந்தப் பழமொழியைச் சொல்லியிருக்க முடியும். தவளை, தேரை, நுணல் என்று தனித்தனியாகப் பெயர் வைத்துப் பேசிய ஊரில் இன்றைக்கு எல்லாவற்றையும் தேரை என்று சொல்லி உப்பைத் தூக்குகிறோம் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தேரை மேல் நாம் போடுகிற பழி கொஞ்சநஞ்சம் இல்லை. தேங்காயில் பருப்பு பிடிக்காவிட்டால் தேரை விழுந்த காய் என்கிறோம். நாலு பக்கமும் மட்டையும் ஓடும் மூடிய காய்க்குள் எந்தத் தவளை போய் எதைத் தின்னும்? மரத்துக்குச் சத்துக் குறைந்தாலோ மகரந்தம் சரியாகச் சேராவிட்டாலோ காய் அப்படி ஆகும். குழந்தை விஷயமும் அப்படித்தான். குழந்தை இளைக்கிறது என்றால் சாப்பாடு போதவில்லை, வயிற்றுப்போக்கு, பூச்சி என்று ஏதோ காரணம் இருக்கிறது, அதைத் தேரை என்று சொல்லி நாள் கடத்தினால் நஷ்டம் குழந்தைக்குத்தான். பக்கத்து வீட்டு அக்காவிடம் நான் தவளையைப் பற்றி அதிகம் பேசவில்லை, பாப்பாவை அங்கன்வாடியில் எடை போட்டுப் பார்த்து, அப்படியே டாக்டரிடமும் ஒரு தடவை காட்டுங்கள் என்றுதான் கேட்டுக்கொண்டேன். போய் வந்தார். பல் முளைக்கிற நேரம், அதோடு பால் பாட்டிலையே அதிகம் கொடுத்ததால் சோறு இறங்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது குழந்தை பருப்பு சாதம் சாப்பிடுகிறது.

இதற்கு நடுவில் வாட்ஸ்அப்பில் வேறு ஒரு படம் வந்தது. பளபளக்கிற நீல நிறத் தவளை, கீழே "மழையில் வந்துள்ள விஷத் தவளை, தொட்டால் மரணம், எல்லோருக்கும் பகிரவும்" என்று இருந்தது. எங்கள் தெருவிலேயே பத்துப் பேருக்கு வந்திருக்கும். அந்த நீலத் தவளை தென் அமெரிக்கக் காட்டில் இருப்பது. சேலத்தில் ஒருவர் வீட்டுத் தொட்டிக்கு அடியில் அது வர வழியே இல்லை, தொட்டவுடன் ஆளைக் கொல்கிற தவளை நம் ஊரில் எதுவும் கிடையாது. ஆனால் அந்தப் படம் வந்த வாரத்தில் எங்கள் பக்கத்தில் எத்தனை தவளை உப்பிலும் பிளீச்சிங் பவுடரிலும் செத்ததோ தெரியவில்லை. ஒன்றை நானே சாக்கடை ஓரத்தில் பார்த்தேன், வெள்ளையாகச் சுருண்டு கிடந்தது, முதுகில் அந்தக் கோலம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பார்த்துவிட்டு வந்து அன்றைக்குப் பட்டறையில் வேலையே ஓடவில்லை.

வாழையடிக் குழியை நான் மூடவில்லை. கொசு வருமே என்று கேட்பீர்கள். டெங்கு கொசு டயரிலும் கொட்டாங்குச்சியிலும் டிரம்மிலும் தேங்குகிற தண்ணீரைத்தான் அதிகம் தேடும், அதையெல்லாம் வாரம் ஒரு தடவை கவிழ்த்துவிடுகிறோம், தொட்டித் தட்டுகளையும் எடுத்துவிட்டோம். குழியைத் தினமும் காலையில் பார்த்துக்கொண்டே இருந்தேன், நெளிகிற புழு கண்ணில் பட்டால் வடிகட்டியில் அள்ளி மண்ணில் கொட்டிவிடுவேன். அப்படிப் பார்த்ததில்தான் தலைப்பிரட்டைகளைக் கவனித்தேன். முதல் இரண்டு நாள் தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மாதிரி முட்டை மிதந்தது, நூற்றுக்கணக்கில் இருக்கும். அது பொரிந்ததும் காணாமல் போய்விட்டது என்று நினைத்தேன், ஏனென்றால் தலைப்பிரட்டை கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் அள்ளிப் பார்த்தால் இரண்டு கண்ணும் வயிற்றுக்குள் சுருண்டிருக்கிற குடலும்தான் தெரிகிறது, மீதி உடம்பு தண்ணீரோடு தண்ணீர். தேரையின் தலைப்பிரட்டை கறுப்பாக, கூட்டமாக அடியில் மொய்க்கும். இது அப்படி இல்லாமல் தண்ணீரின் நடுவில் அசையாமல் தொங்குகிறது, வால் நுனி மட்டும் மயிரிழை மாதிரி துடித்துக்கொண்டே இருக்கிறது. தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் இருக்கிற நுண்ணிய பொருளை வடிகட்டித்தான் சாப்பிடுமாம். நாலாவது வாரத்தில் பின்னங்கால், அப்புறம் முன்னங்கால், ஒரு நாள் காலையில் குழியின் ஓரத்தில் அரிசி அளவில் ஏழெட்டு உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றின் முதுகிலும் அதே கோலம். லென்ஸ் இல்லாமல் பார்க்க முடியாது.

நம் வீட்டுத் தோட்டத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த சாதாரணத் தவளைதானே, இதற்கு ஏன் இவ்வளவு என்று யாராவது நினைத்தால் இன்னொன்றும் சொல்கிறேன். இதே மைக்ரோஹைலா பேரினத்தில் கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு தவளையை 2016-ல் கர்நாடகத்தின் மணிப்பாலில் புதிதாகக் கண்டுபிடித்தார்கள். பெரிய காட்டில் இல்லை, ஊரைச் சுற்றி இருக்கிற செம்பாறைத் தரையில். அதன் குரலும் பூச்சிச் சத்தம் மாதிரிதான் இருக்குமாம். 2018-ல் மங்களூரில், தொழிற்சாலைகளுக்கு நடுவில் இன்னொன்று. நம் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏற்காட்டின் பெயரையே தாங்கிய ஒரு சின்னப் பல்லி இருக்கிறது, அது அறிவியலுக்குத் தெரிய வந்தது 2000-ல்தான். எத்தனையோ லட்சம் பேர் அந்த இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கிய பிறகு. இந்தியாவில் நானூறுக்கும் மேற்பட்ட தவளை, தேரை வகைகள் இருக்கின்றன, இன்னமும் புதிதாகச் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் தேடிய அளவுக்கு ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் யாரும் தேடவில்லை என்று தங்கை மகள் குறைப்படுகிறாள். ஒரு படத்தில் பார்த்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிடக் கூடாது, தோல், விரல் நுனி, கண்ணுக்குப் பின்னால், வயிற்றுப் பக்கம், குரல், கூடவே எந்த நேரம், எந்த இடம் என்று எல்லாம் குறித்துவைக்க வேண்டும் என்று அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை நானும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று உங்களுக்கு. இனிமேல் "வினோதத் தவளை" என்று படம் வந்தால், பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு கல்லூரி விலங்கியல் துறைக்கு அனுப்பிக் கேட்டு, பெயரோடு போடுங்கள். ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை. மழை மாதங்களில் வாரம் ஒரு முறை, உள்ளங்கை அகலம் இடத்தில், சேலம் வட்டாரத்தில் வீட்டைச் சுற்றிக் காணப்படுகிற ஒரு தவளையின் படமும், அதை எப்படி அடையாளம் காண்பது, எப்படிக் கத்தும், தொட்டால் என்ன ஆகும் என்று நாலு வரியும் போட்டால் எத்தனையோ வீட்டில் உப்புச் சாடிக்குக் கை போகாது.

இன்னொன்று வாசகர்களுக்கு. இந்தத் தவளைக்குத் தமிழில் ஒரு பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் அம்மா தவக்களைக் குஞ்சு என்றுதான் சொல்வார், அது இதற்கான பெயர் இல்லை. முதுகில் கோலம் போட்ட, கட்டைவிரல் நகம் அளவு, முதல் மழைக்கே அரம் தேய்க்கிற மாதிரி கத்துகிற தவளை. வாழப்பாடி, ஆத்தூர் பக்கத்தில் வயல் வேலை செய்தவர்கள், ஏற்காட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற மலையாளிப் பழங்குடிப் பெரியவர்கள், காப்பித் தோட்டத்தில் வேலை பார்ப்பவர்கள் இதை ஏதோ ஒரு பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள். உங்கள் பாட்டி சொன்ன பெயர் ஞாபகம் இருந்தால், எந்த ஊரில் சொல்வார்கள் என்பதோடு இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். நானும் தினமும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பக்கத்து வீட்டு அக்கா நேற்று ராத்திரி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சுவர் ஓரம் வந்து நின்றார். வாழையடியில் சத்தம் கேட்டது. பாப்பா அந்தப் பக்கம் கையைக் காட்டி கர்ர் கர்ர் என்று திருப்பிச் சொன்னது.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைத் தொழிலாளி,
கன்னங்குறிச்சி, சேலம்.